காந்த நாடாவும் வணிகக் கணக்கின் காவலும்

எழுத்தினாற் பேணப்படும் செல்வங்கள் யாவும் இருவகை அழிவுக்கு உட்பட்டவை. ஒன்று, காலம் மெல்ல மெல்லச் செய்யும் அழிவு; மற்றையது, தீ, வெள்ளம், களவு, கவனக்குறைவு என்பவற்றால் ஒரு நாழிகையில் நேரும் அழிவு. முன்னையதை வெல்லும் பொருட்டு நம் முன்னோர் பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையிற் படியெடுத்தனர். பின்னையதற்குப் பரிகாரம் ஒன்றே: ஒரு நூலின் படிகள் வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, பிற இடங்களிற் படியுள்ள நூல்களை மீண்டும் தேடிக்கொள்ள வழியிருந்தது. படியில்லாத ஏடுகளோ என்றைக்குமாக மறைந்தன. இவ்வுண்மை நூலகத்துக்கு மாத்திரமன்றி, ஒரு கடையின் பேரேட்டுக்கும் பொருந்தும்.

இற்றை நாளிற் சிறிய, நடுத்தர வணிக நிலையங்களின் கணக்குகள் பெரும்பாலும் கணினியிலேயே உள்ளன. யார் எவ்வளவு கடன்பட்டுள்ளார், களஞ்சியத்தில் எவ்வளவு சரக்குளது, வரி எவ்வளவு செலுத்தப்பட்டது, ஊழியருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கப்பட்டது, அவர்தம் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் எத்தொகை சேர்க்கப்பட்டது என்பனவெல்லாம் ஒரு சிறிய வன்தட்டில் அடங்கிவிடுகின்றன. அத்தட்டுப் பழுதுறின் நட்டம் முதலாளிக்கு மட்டும் உரியதன்று. இருபது ஆண்டு உழைத்து இளைப்பாறச் செல்லும் ஊழியனுக்கும் உரியது. ஆதலின், கணக்கைக் காத்தல் ஓர் அறக்கடமையுமாகும். அதற்குரிய கருவிகளுள் மிகப் பழையதும், பழையதாயினும் கைவிடப்படாததுமாகிய காந்த நாடாவைப் பற்றி ஈண்டு ஆராய்வாம்.

காந்தத்தினாற் பதிவு செய்யும் முறையை முதலிற் கண்டவர் தென்மார்க்கு நாட்டவராகிய வல்டமார் பூல்சன் என்பவர். 1898 இல் அவர் உருக்குக் கம்பியிற் குரலைப் பதிவு செய்தார். 1928 இல் யேர்மனியிற் பிரிற்ஸ் புளோய்மர் என்பார் கம்பிக்குப் பதிலாக, காந்தத்துகள் பூசிய மெல்லிய நாடாவை அமைத்தார். ஒலிக்கென எழுந்த இக்கருவி விரைவிற் கணக்குக்கும் பயன்பட்டது. 1951 இல் ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்துக்கு வழங்கப்பட்ட யூனிவாக் என்னும் கணினி, நிக்கல் பூசிய வெண்கல நாடாவிற் பதிவு செய்தது. அடுத்த ஆண்டிலே ஐ.பி.எம். கம்பனி 726 என்னும் நாடாச் செலுத்தியை வெளியிட்டது. அதன் நாடா அரை அங்குல அகலமுடையது. ஓர் அங்குல நீளத்தில் 100 எழுத்துக்கள் பதிவாயின. துளையிட்ட அட்டைகளை அடுக்கி வைத்த அக்காலத்தார்க்கு அஃது ஓர் அற்புதமாகவே தோன்றியிருக்கும்.

பல தசாப்தங்கள் கழிந்த பின், கம்பனி தோறும் வெவ்வேறாயிருந்த நாடா வகைகளால் விளைந்த இடர் நீக்கக் கருதி, ஹியூலெற் பக்கார்ட், ஐ.பி.எம்., சீகேற் என்னும் மூன்று கம்பனிகள் ஒன்று கூடிப் பொதுவான ஒரு நியமத்தை வகுத்தன. எல்.ரி.ஓ. எனப்படும் அவ்வகையின் முதற் பேழை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிற் 100 ஜிகாபைற்றுத் தரவு கொண்டது. 2021 இல் வந்த ஒன்பதாந் தலைமுறைப் பேழை 18 டெராபைற்றுக் கொள்வது. அஃதாவது, இருபத்தோராண்டில் ஒரே கையளவான பேழையின் கொள்ளளவு 180 மடங்காயிற்று.

இப்பெருக்கம் எங்ஙனம் இயன்றதென வினவுவார்க்கு நாடாவின் இயல்பைக் கூறுதல் வேண்டும். நாடா என்பது மெல்லிய பிளாத்திக்குப் படலம். அதன்மேல் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். பதிவுத்தலை என்னும் சிறு மின்காந்தம் அத்துகள்களின் காந்தத் திசையை மாற்ற, அம்மாற்றங்களே ஒன்றும் பூச்சியமுமாகிய குறிகளாகின்றன. ஒன்பதாந் தலைமுறைப் பேழையின் உள்ளே 1,035 மீற்றர் நீளமான நாடா சுருண்டிருக்கின்றது. அரை அங்குல அகலத்தில் 8,960 தடங்கள் உள. ஒரே வேளையில் 32 தடங்கள் எழுதப்படுகின்றன. நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி, அங்கே திசை திரும்பி, அடுத்த தடங்களில் எழுதிக்கொண்டு மீளும். வயலின் எல்லையில் ஏர் திரும்பி அடுத்த சாலை உழுவதனோடு இதனை ஒப்பிடலாம். இவ்வாறு 140 முறை சென்று மீண்டாலன்றிப் பேழை நிரம்பாது. எழுதிய குறியை உடனே வாசித்துச் சரிபார்க்கும் ஏற்பாடும் தலையிலேயே அமைந்துள்ளது.

வன்தட்டில் வேண்டிய இடத்தை நொடியிற் சென்றடையலாம். நாடாவிலோ வேண்டிய பகுதி வரும்வரை சுற்றுதல் வேண்டும். ஆதலின் நாளாந்த வேலைக்கு நாடா உதவாது. ஆயின், தொடர்ச்சியாக எழுதுவதில் அது மிக விரைவானது. ஒன்பதாந் தலைமுறைச் செலுத்தி செக்கனுக்கு 400 மெகாபைற்று வரை எழுத வல்லது. அவ்வேகத்திற் பேழை முழுவதும் நிரம்பப் பன்னிரண்டரை மணித்தியாலம் செல்லும். இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கணினி தரவை மெதுவாக அனுப்பின், நாடா அடிக்கடி நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் ஓடவேண்டியதாகும். அதனால் நாடாவும் தலையும் தேய்வுறும். எனவே, தரவை முதலில் விரைவான தட்டொன்றிற் சேர்த்து, அங்கிருந்து நாடாவுக்கு ஒரே ஓட்டமாக அனுப்புதலே நன்று.

இனி, காப்புப் பிரதி என்பது யாது? மூலத்தைத் தாக்கும் ஊறு தன்னைத் தாக்காத வகையில் வேறாக வைக்கப்பட்ட படியே காப்புப் பிரதி எனலாம். இவ்விலக்கணத்தின் பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரண்டு தட்டுக்களில் ஒரே தரவை ஒரே வேளையில் எழுதிவிட்டுக் காவல் முடிந்ததெனக் கருதுவாருளர். ஒரு தட்டுப் பழுதுற்றால் மற்றது உதவும் என்பது உண்மையே. ஆனால், எழுதுநர் ஒருவர் தவறுதலாகக் கோப்பை அழித்தால், அவ்வழிவும் இரண்டிலும் ஒருங்கே நிகழுமன்றோ? 2011 பெப்ரவரியிற் கூகிள் கம்பனியின் மின்னஞ்சற் சேவையில் இதுவே நேர்ந்தது. பல இடங்களிற் பிரதிகள் இருந்தும், மென்பொருட் குறையொன்றினால் அவை ஒருங்கே பாதிக்கப்பட்டன. பயனாளருள் ஏறக்குறைய 0.02 சதவீதத்தினர் தம் அஞ்சல்களைக் காணாது திகைத்தனர். கணினியோடு தொடர்பின்றி இருந்த நாடாக்களில் அக்குறை புகவில்லை. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

தொடர்பின்றியிருத்தல் என்னும் இப்பண்பு அண்மைக் காலத்தில் மேலும் சிறப்புப் பெற்றுள்ளது. கப்பங் கோரும் மென்பொருள் என்னும் புதுவகைக் களவு தோன்றியுள்ளமையே அதற்குக் காரணம். அஃது ஒரு கணினியுட் புகுந்து, தரவையெல்லாம் மறைகுறியாக மாற்றித் திறவுகோலுக்குப் பணங் கேட்கும். வலையமைப்பில் இணைந்துள்ள காப்புப் பிரதிகளையும் தேடிச்சென்று கெடுக்கும். 2023 ஓகத்து மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை இவ்வாறு தாக்கப்பட்டது. நிகழ்நிலையில் இருந்த காப்புப் பிரதிகளும் உடன் கெட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகத்து 26 வரையுள்ள தரவுக்குத் தொடர்பற்ற பிரதி இல்லாமையால், அக்காலத்து அஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஓர் அரசுக்கே இந்நிலையாயின், நாலைந்து கணினிகளோடு தொழில் புரியும் கம்பனியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செலுத்தியினின்று எடுத்து அலுமாரியில் வைத்த பேழையை எத்தகைய கள்வனும் வலைவழி வந்து தொட முடியாது.

தொடர்பின்மை மாத்திரம் போதாது. இடமும் வேறாதல் வேண்டும். 2021 மார்ச்சு 10 ஆந் திகதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பனியின் தரவு நிலையக் கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. அங்குத் தரவு வைத்திருந்தோருட் சிலர், தம் காப்புப் பிரதிகளும் அவ்வளாகத்திலேயே இருந்து எரிந்தமையை அதன் பின்னரே அறிந்தனர். முகிற் கணிமை என்னும் பெயர் வானத்தை நினைப்பிப்பினும், அம்முகில் தங்குவது மண்ணிற் கட்டிய ஒரு கட்டடத்திலேயே என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் கருதியே அறிஞர் மூன்று–இரண்டு–ஒன்று என்னும் விதியைக் கூறுவர். பீற்றர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞரால் இவ்விதி பரவியது. மூலத்தோடு சேர்த்துப் படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

பேழைகளை முறைப்படுத்துதற்குப் பாட்டன், தந்தை, மகன் என்னும் ஒழுங்கொன்று நெடுங்காலமாக வழங்குகின்றது. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் கம்பனியை எடுத்துக்கொள்வாம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கொன்றாக நான்கு பேழைகள், இவை மகன்மார். மறுவாரம் அதே கிழமையில் இவை மீண்டும் எழுதப்படும். வெள்ளிதோறும் எழுதப்படுபவை தந்தையர். இவை நான்கு, அடுத்த மாதம் மீண்டும் பயன்படும். மாதத்தின் இறுதி வெள்ளியில் எழுதப்படுபவை பாட்டன்மார். இவை பன்னிரண்டு, ஓராண்டுக்குப் பேணப்படும். ஆக, இருபது பேழைகளால் ஓராண்டுக் காவல் அமைகின்றது. சென்ற மாதம் புகுந்த பிழையொன்று இம்மாதம் வெளிப்படினும், பிழை புகுமுன்னுள்ள நிலையைப் பாட்டனிடம் கேட்டறியலாம். தந்தையரும் பாட்டன்மாரும் அலுவலகத்துக்கு வெளியே, வங்கிப் பெட்டகம் போன்றதோரிடத்தில் வைக்கப்படுதல் நலம். வெளியே செல்லும் பேழை வழியிற் களவு போதலும் கூடும். நான்காந் தலைமுறை முதல் எல்.ரி.ஓ. செலுத்திகள் தாமே மறைகுறியாக்கம் செய்ய வல்லனவாதலின், அதனைப் பயன்படுத்தல் வேண்டும். அத்திறவுகோலையும் வேறோரிடத்திற் பேணாவிடின், உரியவரும் தம் தரவைத் திறக்கவியலாது.

எல்லாவற்றினும் மேலானது சோதனை. மீளப்பெற்றுப் பார்க்கப்படாத பிரதி ஏட்டுச் சுரைக்காயே. 2017 சனவரி 31 இற் கிற்லாப் கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் பிழையான சேவையகத்திலே தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளை நாடியபோது, நாளாந்த முறையொன்று பல நாளாகத் தோல்வியுற்றுக் கிடந்தமையும், அதனை அறிவிக்கும் அஞ்சல்கள் சென்று சேராமையும் தெரியவந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த பிரதியொன்றே அவர்களைக் காத்தது. தவணைக்கொரு முறை பரீட்சை வைத்து மாணாக்கரின் அறிவை அளப்பது போல, மூன்று மாதத்துக்கொரு முறையேனும் பேழையொன்றை எடுத்து, வேறொரு கணினியிற் கோப்புக்களை மீளப்பெற்று, மூலத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

நாடாவின் குறைகளையும் கூறாது விடுதல் நடுநிலையாகாது. பேழையின் விலை குறைவாயினும் செலுத்தியின் விலை மிக அதிகம். ஆதலின், தரவு பெருகப் பெருகவே நாடா மலிவாகும். ஒன்றிரண்டு டெராபைற்றுக் கணக்கு மட்டுமுள்ள கடைக்குச் செலுத்தி வாங்குதல் வீண்செலவு. மூன்று வெளி வன்தட்டுக்களை மாறி மாறிப் பயன்படுத்தி, பயன்படுத்திய பின் கழற்றி, ஒன்றை வேறிடத்தில் வைத்தாற் போதும். ஒளிப்படம், நிகழ்படம், கட்டட வரைபடம், மருத்துவக் கதிர்ப்படம் முதலியவற்றைப் பல்லாண்டு பேணுகின்ற நிலையங்களுக்கே நாடா உண்மையில் ஊதியந் தருவது.

மேலும், தகுந்த குளிர்ச்சியிலும் ஈரலிப்புக் குறைந்த காற்றிலும் வைக்கப்படின் நாடா முப்பது ஆண்டு வரை நிலைக்குமென உற்பத்தியாளர் கூறுவர். எமது நாட்டின் வெப்பத்திலும் ஈரலிப்பிலும் குளிரூட்டாத அறையிற் கிடப்பதற்கு அவ்வுறுதி பொருந்தாது. நாடா நிலைப்பினும் அதனை வாசிக்கும் செலுத்தி நிலைக்க வேண்டுமே. ஏழாந் தலைமுறை வரையுள்ள செலுத்திகள் தமக்கு முந்திய இரு தலைமுறைப் பேழைகளை வாசித்தன; எட்டாவதும் ஒன்பதாவதும் முந்திய ஒன்றை மட்டுமே வாசிப்பன; 2025 இல் வந்த பத்தாவது முந்திய எதனையும் வாசிக்காது. எனவே, சில ஆண்டுக்கொரு முறை பழைய பேழையிலிருந்து புதியதற்குத் தரவைப் படியெடுத்தல் தவிர்க்கவொண்ணாதது. ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்தோர் தொழில் இவ்வாறு நாடாவிலும் தொடர்கின்றது.

ஆகவே, கருவி எதுவாயினும் வினவவேண்டியவை நான்கே. படி வேறாக உளதா? வேறிடத்தில் உளதா? வலைத்தொடர்பு அற்று உளதா? மீளப்பெற்றுப் பார்க்கப்பட்டதா? இந்நான்கிற்கும் ஆம் எனக் கூறவல்ல சிறு கடை, கூறவியலாத பெருங் கம்பனியினும் பாதுகாப்புடையது. கணக்கியல் கற்று நாளை அலுவலகங்களிற் புகவிருக்கும் எம் மாணாக்கர், பேரேட்டை எழுதக் கற்பதோடு அதனைக் காக்கவும் கற்பாராக. பிறர் பொருளின் கணக்கை எழுதும் கைக்கு அதனைக் காக்கும் கடனும் உண்டு.