மரமாக நிற்கும் பிள்ளை

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அண்ணன்மாரோடு நாடகக் கம்பெனிக்குப் போனார். 1933இல், 27 வயதில் அவர் இறந்தபோது, அவர் பாட்டுக்கு மயங்காத நாடக ரசிகர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இல்லை. தென்காசியில் பஸ் ஏறினால் அவருடைய ஊரில் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். குழந்தைகளும் மேடையும் என்று பேச்செடுத்தால் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு முதலில் அவர் பெயர்தான் வாயில் வரும். வரட்டும். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது.

கிட்டப்பாவின் காலம் பாய்ஸ் கம்பெனிகளின் காலம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தத் தொடங்கினார். நடித்தவர்கள் எல்லாரும் சிறுவர்கள். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயரெடுத்த டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. வாத்தியார் சொல்வார், பையன் திருப்பிச் சொல்வான். விடிய விடிய நடக்கும் நாடகத்தின் பாட்டும் வசனமும் அப்படியே அவனுக்குள் இறங்கிவிடும். சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். பெரிய மேதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மேடையில் பிள்ளைகளின் குரல் இருந்ததே தவிர, பிள்ளைகளின் பேச்சு இல்லை. எட்டு வயதுப் பையன் பெரியவர்களின் காதலையும் கற்பையும் தத்துவத்தையும் பாடினான். கேட்டவர்கள் காசு கொடுத்தார்கள்.

கம்பெனிகள் போய்விட்டன. அவற்றின் பழக்கம் மட்டும் நம் தொடக்கப் பள்ளி ஆண்டு விழாக்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் எழுதிய வசனம், அல்லது போனில் தேடி எடுத்த வசனம். தடுமாறாமல் ஒப்பிக்கிற பையனுக்கு ராஜா வேஷம். நிறமாக இருக்கிற பிள்ளைக்குப் பாரத மாதா. மிச்சம் இருப்பவர்கள் மரம். பச்சைத் தாளை ஒட்டிக்கொண்டு, கையைத் தூக்கியபடி, நாடகம் முடியும்வரை அசையாமல் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த மரத்தடியில் யார் வந்து உட்காருவார்கள், மரத்துக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேட்டுப் பார்த்தால் ராஜாவைவிட நல்ல பாத்திரம் ஒன்று கிடைத்துவிடும்.

அப்படிக் கேட்கிற கலைஞர்கள் தமிழில் உண்டு. அவர்களில் மூத்தவர் இந்தப் பக்கத்துக்காரரே: நாங்குநேரி சே. இராமானுஜம். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காசியிடம் படித்துவிட்டு வந்தவர். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கம் நவீனத் தமிழ் நாடகத்துக்கு ஒரு திருப்பம் என்றால், அதில் அவர் பங்கு பெரிது. 'வெறியாட்டம்' இயக்கியவர் என்று நாடகக்காரர்கள் அவரைக் கொண்டாடுவார்கள். குழந்தைகள் நாடகத்தைத் தனியாக ஒரு துறை என்று எண்ணி அதற்காக உழைத்தவர் என்பது அதற்கு அடுத்த வரியில்தான் வரும். அந்த வரிசையை மாற்றவேண்டும் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் வேலு சரவணன் 'ஆழி' குழுவை வைத்துக்கொண்டு 'கடல் பூதம்', 'தேவலோக யானை' என்று பள்ளி பள்ளியாகப் போனவர். அவர் நாடகத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது. நடிகர் கீழே இறங்கி வந்துவிடுவார், கேள்வி கேட்பார், பிள்ளைகள் கத்துகிற கத்தலில் கதை முன்னே நகரும். கோவில்பட்டி ச. முருகபூபதியின் 'மணல் மகுடி' குழு வேறு வகை. மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன் அவர். பழைய கம்பெனி நாடகம் குடும்பத்திலேயே இருக்கிறது. அவரும் குழந்தைகளோடு பயிலரங்குகள் நடத்துகிறார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதிப் பள்ளி நாடகத்துக்கு வேறு முகம் கொடுத்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் 1965இல் நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது; அது உலகமெங்கும் பரவி, தில்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்விக்கென்றே ஒரு குழு அமைக்கும்வரை வந்தது.

இவற்றிலும் இரண்டு வகை உண்டு. பெரியவர்கள் நடிக்க, பிள்ளைகள் கலந்துகொள்வது ஒன்று. பிள்ளைகளே கதை கண்டுபிடித்து, காட்சி பிரித்து, நடித்துக் காட்ட, கலைஞர் கூட இருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம். கலைஞருக்குத் தன் கை பரபரப்பதை அடக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

எப்படி நடக்கிறது இது? முதலில் விளையாட்டு மட்டும். 'சிலை' என்று கத்தியதும் அப்படியே உறைந்து நிற்பது. எதிரில் இருப்பவர் செய்வதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செய்வது. ஒரு துண்டைக் கொடுத்து, இது துண்டு இல்லை, வேறு என்ன என்று கேட்பது. பாம்பு, குழந்தை, தூக்குச்சட்டி, அப்பாவின் போன் என்று வந்துகொண்டே இருக்கும். பேசாத பிள்ளை முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தன் பெயரைச் சொல்லக் கூசுகிறவன், துண்டைப் போனாக்கி அப்பாவைத் திட்டுவான்.

நாடகக்காரர்கள் எல்லா ஊரிலும் செய்யும் மழைப் பயிற்சி ஒன்று உண்டு. வட்டமாக உட்கார்ந்து முதலில் உள்ளங்கைகளைத் தேய்ப்பது, பிறகு விரல் சொடுக்குவது, தொடையில் தட்டுவது, கடைசியில் காலால் தரையை உதைப்பது. கண்ணை மூடிக் கேட்டால் மழை வந்து போகும். மற்ற ஊர்களில் இது வெறும் மழை. குற்றாலத்துப் பிள்ளைகளிடம் செய்யச் சொன்னால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இது சாரல், இது பெருமழை, இது அருவியில் தண்ணி கூடுகிற சத்தம் என்று தரம் பிரிப்பார்கள். சீசன் நாளில் ராத்திரி தண்ணீர் வரத்தைச் சத்தத்தை வைத்தே சொல்கிற வீடுகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குச் 'சிங்கமும் முயலும்' வசனம் எழுதிக் கொடுப்பது எனக்கு வீண்வேலையாகப் படுகிறது.

கதைக்குப் பஞ்சமா? ஜூன் பிறந்தால் பள்ளியும் திறக்கும், சீசனும் தொடங்கும். கடை போடும் அப்பா, சிப்ஸ் வறுக்கும் சித்தப்பா, எண்ணெய் தேய்த்துவிடும் மாமா, வீட்டு மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே நெருக்கிப் படுக்கும் குடும்பம். பையைப் பிடுங்கும் குரங்கு; குரங்கை விரட்டுவதுபோல் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆள். ஐந்தருவியில் குளிக்கத் தடை என்று போலீஸ் விசில் ஊதும். 'சென்னையிலேருந்து வந்திருக்கோம் சார்' என்று ஒருவர் மன்றாடுவார். இதை நடித்துக் காட்டச் சொன்னால் ஒத்திகையே வேண்டாம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போனால் கதை வேறு: வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் அம்மா, கணக்கு எழுதும் நோட்டு, இலை சரியில்லை என்று கழிக்கப்படும் கட்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவின் விரல் அசைவு அத்தனையும் மனப்பாடம்.

இங்கேதான் ஆசிரியர்கள் தயங்குவார்கள். 'பிள்ளைங்க வீட்டு விஷயத்தையெல்லாம் மேடையில சொல்லிருவாங்க சார், நமக்கெதுக்கு வம்பு.' நியாயமான பயம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. அது நடந்த ஊரில், அருவியை வைத்து நாடகம் செய் என்றால், ஏதாவது ஒரு பிள்ளை அதை எடுக்கத்தான் செய்யும். அனுபவமுள்ள கலைஞர் அதைத் தடுக்கவும் மாட்டார், அழுகாச்சியாக்கி மேடையேற்றவும் மாட்டார். மனிதரை எடுத்துவிட்டு, 'தண்ணி என்ன நினைச்சிருக்கும்? பாறை என்ன சொல்லியிருக்கும்?' என்று திருப்பிவிடுவார். பிள்ளைகள் பாறையாக நின்று, வருகிறவர்களை எச்சரிப்பார்கள். பயத்தைச் சொல்ல அதுவே போதும். குழந்தையின் வலியைக் காட்டிக் கைதட்டு வாங்குவது நாடகம் ஆகாது. அப்படிச் செய்யும் முகாம்களும் உண்டு, அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வடிவத்துக்கும் தில்லியைப் பார்க்கவேண்டியதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலநாதர்மேல் பாடிய குறவஞ்சி ஆடிக் காட்டுவதற்கென்றே உண்டானது. வசந்தவல்லி பந்தடிப்பதைத்தான் பள்ளிப் பாடத்திலும் நடன மேடையிலும் மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் பகுதி பிள்ளைகளுக்காகவே காத்துக்கிடக்கிறது. பறவைகள் வந்து இறங்குவதும், சிங்கன் சிங்கியின் நினைப்பில் வேலையைக் கோட்டைவிடுவதும் சிரித்து மாளாது. அதிலும் பறவைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கு இல்லை. நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பறவை. யாரும் மரமாக நிற்கவேண்டாம்.

ஆனால் என் கையில் விட்டால் வில்லுப்பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அம்மன் கோயில் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் வில்லுப்பாட்டு கேட்டு வளராத பிள்ளை இந்த மாவட்டத்தில் குறைவு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக் குறுக்கே கேள்வி கேட்பார். குடம், உடுக்கை, தாளம் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுக்கும். இந்த 'ஆமா' போடுகிறவர்தான் முக்கியம். கதை சொல்கிற பிள்ளை தடுமாறினால் அவர் கேட்கும் ஒரு கேள்வி தூக்கி நிறுத்திவிடும். 'அப்புறம் அந்தக் குரங்கு என்ன பண்ணிச்சு?' என்றால் போதும், கதை ஓடும். மறந்துபோனால் அவமானம் இல்லை, அதுவே ஆட்டத்தின் பகுதி. ஒப்பிக்கும் நாடகத்தில் ஒரு வரி மறந்தால் மேடையே இருண்டுவிடும், பிள்ளை அழும், டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பார்.

கலையை வைத்து மக்களிடம் போகும் பழக்கமும் இங்கே புதிதில்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்குமுன் அது திருநெல்வேலி. 1990களில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தை ஒருங்கிணைத்தவர் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன். தெருத்தெருவாகப் பாட்டும் நாடகமும் போட்டு எழுத்தறிவைக் கொண்டுபோன அந்த நாட்களை 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோதும் கலைக்குழுக்கள்தான் ஊர் ஊராக முன்னே போயின. பெரியவர்களிடம் செய்தி சொல்ல நாடகம் வேண்டும் என்பது அரசுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் சொல்வதைக் கேட்கவும் நாடகம் உதவும் என்பதை யாராவது அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. 2022-23இல் ஆறாம் வகுப்புக்கு மேல் தொடங்கியது, 2024-25இல் ஒன்றாம் வகுப்புவரை இறங்கி வந்தது. நல்ல காரியம். ஆனால் அது போட்டி. போட்டி என்றால் பரிசு, பரிசு என்றால் தேர்ந்தெடுத்த பிள்ளைக்குத் தேய்த்துத் தேய்த்துப் பயிற்சி. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு நாடகம் உண்டாக்க அங்கே இடமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தைப் பார்த்தால், கலைக்கெனப் பகுதிநேர ஆசிரியர் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கவேண்டும். அவரிடம் போய் நாடகம் போடுங்கள் டீச்சர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். புதுச்சேரியிலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ வருகிறவர் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். தொடங்கிவைக்க அது போதும், தொடர்ந்து நடத்தப் போதாது. பக்கத்து ஊரிலேயே வில்லுப்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடி, ஆவணியோடு பெரும்பாலான கொடைகள் முடிந்துவிடும். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அவர்களுக்குக் கையில் வேலையும் இருக்காது, காசும் இருக்காது. குற்றாலத்தில் சாரல் சீசன் ஓய்ந்து ஐயப்பன் சீசன் தொடங்காத இடைவெளியும் அதுவே. கடைக்கு உதவப் போன பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஒரு புலவரையும் ஒரு குடத்தையும் பள்ளிக்கு வரவழைத்து, நாளுக்கு இவ்வளவு என்று மரியாதையாகச் சம்பளம் கொடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கொடைக்கு வரி பிரித்துப் புலவருக்குச் சம்பளம் பேசிக் கொடுத்துப் பழகியவர்கள்தான் அவர்கள்.