கப்பல் போனது, தரகர் சிக்கினார்

ஈரான் மீதான பழைய ஐ.நா. தடைகள் 2025 செப்டம்பர் 28, ஞாயிறு, சிட்னி நேரம் காலை 10 மணிக்கு மீண்டும் உயிர் பெற்றன. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: சரக்கு ஆஸ்திரேலியாவைத் தொடவே இல்லையென்றால், இங்கே இருப்பவர் மேல் வழக்கு எப்படி வரும்?

வந்திருக்கிறது, வட கொரியா மீதான தடைகளின் கீழ். 2017 டிசம்பரில் சிட்னி ஈஸ்ட்வுட்டில் சான் ஹான் சோய் என்பவரை ஃபெடரல் போலீஸ் கைது செய்தது. வட கொரியாவின் ஏவுகணை, உதிரிபாகங்கள், தொழில்நுட்பம், நிலக்கரி ஆகியவற்றை வெளிநாட்டில் விற்றுத்தர முயன்றார் என்பது குற்றச்சாட்டு. ஆயுதம் எதுவும் இந்த மண்ணுக்கு வரவில்லை என்று போலீஸே சொன்னது. எந்தப் பேரமும் படியவும் இல்லை.

ஆஸ்திரேலியத் தடைச் சட்டம் பிடிப்பது சரக்கை அல்ல, தரகை. தடைசெய்த சரக்கை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து விலை பேசினாலே குற்றம். ஆஸ்திரேலியக் குடிமகன் வெளிநாட்டில் உட்கார்ந்து பேசினாலும் தப்ப முடியாது.

ஏன் இப்படி? ஏவுகணை வணிகத்தில் விலைமதிப்புள்ள பொருளுக்கு எடையே இல்லை; அது நுட்பம். வட கொரியாவின் நோடோங் ஏவுகணை, ஈரானில் ஷஹாப்-3 ஆனது. பாகிஸ்தானில் கௌரி ஆனது. 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று அரசுகள் சொல்லும்போது, வாங்கிவந்த நுட்பத்தை வைத்து உள்நாட்டில் கட்டியது என்று படியுங்கள். 1999-ல் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் 'கூ வோல் சான்' என்ற வட கொரியக் கப்பலை இந்தியச் சுங்கத் துறை சோதித்தது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி என்று எழுதிய பெட்டிகளுக்குள் ஏவுகணை பாகங்கள், பட்டறை இயந்திரங்கள், வரைபடங்கள். அங்கே விற்பனைக்குப் போனது ஏவுகணை அல்ல, அதைச் செய்யும் தொழிற்சாலை.

இன்னொரு கப்பல் 'சோ சான்'. 2002 டிசம்பரில் அரபிக் கடலில் ஸ்பெயின் கடற்படை மறித்தது. சிமென்ட் மூட்டைகளுக்கு அடியில் 15 ஸ்கட் ஏவுகணைகள். வாங்கியது ஏமன். பறிமுதல் செய்யச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை என்று அமெரிக்கா போக விட்டது. 2004-ல் 1540, 2006-ல் வட கொரியா மீதான 1718 என்று பாதுகாப்பு அவைத் தீர்மானங்கள் பிறகுதான் வந்தன. முழு ஏவுகணைகள் அன்று விடுபட்டன; ஒன்றையும் அனுப்பாத சோய் 15 ஆண்டு கழித்துச் சிறைக்குப் போனார்.

இந்தச் சட்டம் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் சாட்சியம் பேச்சு மட்டுமே என்றால், அந்தப் பேச்சு எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்வது போலீஸ். கைதான அன்று சோயை 'வட கொரியாவின் விசுவாசமான முகவர்' என்றார்கள்; பேரழிவு ஆயுதத் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. 2021-ல் நீதிபதி கிறிஸ்டீன் ஆடம்சன் தண்டனை விதித்ததோ சோய் ஒப்புக்கொண்ட இரண்டு தடைமீறல்களுக்கு. மூன்றரை ஆண்டு. அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டு விசாரணைக் கைதியாகவே கழிந்திருந்தது.

மற்ற கேள்விகள்:

ஈரான் மீதான தடைகள் திரும்பியதை ரஷ்யா, சீனா ஏற்குமா? செல்லாது என்கின்றன.

வட கொரியாவைக் கண்காணிப்பது யார்? ஐ.நா. நிபுணர் குழு ரஷ்ய வீட்டோவால் 2024 ஏப்ரலில் முடிந்தது. ஆஸ்திரேலியா உட்பட 11 நாடுகள் தனிக்குழு வைத்துள்ளன.

தடைமீறலுக்கு அதிகபட்சத் தண்டனை? 10 ஆண்டு சிறை.

சந்தேகம் வந்தால்? விலை பேசுவதற்கு முன்பே, வெளியுறவுத் துறையின் தடைகள் அலுவலகத்தில் கேளுங்கள்.