தவிட்டுக்குருவி கத்தினால் கேமராவை எடு!



கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் உங்கள் வீடா? கொல்லையில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வேப்பமரம் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக்கும் ஒரு வேட்டைப் பறவை வந்துபோகக்கூடும். அதன் பெயர் வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம், மார்பில் குறுக்கே செம்பழுப்புக் கோடுகள், மஞ்சள் கால்கள், கொக்கியாக வளைந்த கூர் அலகு. ஓணான், எலி, வெட்டுக்கிளி, சிறு குருவி எல்லாம் இதன் இரை.

பலர் இதைப் பார்த்ததே இல்லை. காரணம், வைரி இலை மறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரை தெரிந்ததும் தாழப் பறந்து வந்து சட்டென்று கவ்விக்கொண்டு போய்விடும். கண்ணால் தேடினால் அகப்படாது. காதால் தேட வேண்டும்.

ஊர்க்காவல் படை

முற்றத்தில் அமைதியாக மேயும் தவிட்டுக்குருவிகள் திடீரென்று ஒன்றுசேர்ந்து கத்துகின்றனவா? அணில் வாலை வெட்டி வெட்டி இடைவிடாமல் கீச்சிடுகிறதா? கரிச்சான் ஒரு கிளையைக் குறிவைத்துப் பாய்ந்து பாய்ந்து விரட்டுகிறதா? அங்கே பாருங்கள்!

பயந்தால் ஒளிந்துகொள்ள வேண்டியதுதானே, ஏன் கத்த வேண்டும்? அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வைரியின் பலம் திடீர்த் தாக்குதல். “உன்னைப் பார்த்துவிட்டோம்” என்று ஊரே கத்திவிட்டால், அந்தப் பலம் போய்விடும். பெரும்பாலும் அது வேறு இடம் தேடிப் போய்விடும். அதனால் கூச்சல் கேட்டதும் மெதுவாக வாருங்கள். ஓடினால் பறந்துவிடும்.

படம் ஏன் வேண்டும்?

கோடையில் விடாமல் கூவும் அக்காக்குயில், நிறத்திலும் கோடுகளிலும் பறக்கும் விதத்திலும் வைரி மாதிரியே இருக்கும். அது தன் முட்டையைத் தவிட்டுக்குருவியின் கூட்டில் இடும். இந்த வேடத்தைப் பார்த்துக் குருவிகள் மிரள்வதால், கூட்டை நெருங்குவது குயிலுக்கு எளிதாகிறது என்று பறவையியலாளர்கள் கருதுகிறார்கள்.

குருவியே ஏமாறும்போது நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகு கொக்கியாக வளைந்து, விரல்களில் வலுவான நகங்கள் இருந்தால் வைரி. கண் நல்ல சிவப்பா? வளர்ந்த ஆண். ஆரஞ்சு கலந்த மஞ்சளா? பெண்ணாக இருக்கலாம். கண் மஞ்சளாக இருந்து, மார்பில் கோட்டுக்குப் பதில் பழுப்புத் துளிகள் இருந்தால் அது இளம் பறவை. சில படங்களில் கண்மேல் வெண்படலம் தெரியும். நோய் என்று நினைக்க வேண்டாம். அது பறவைகளின் மூன்றாவது இமை. கண்ணைத் துடைத்துப் பாதுகாப்பது அதன் வேலை.

வெளிச்சமும் வேகமும்

நம் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. காலையில் வெயில் மலையைத் தாண்டி வரத் தாமதமாகும். மாலையில் சீக்கிரமே மறைந்துவிடும். அதனால் காலை வெயில் பள்ளத்தாக்கில் விழுந்ததும் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வெளுத்த வானம் பின்னால் இருந்தால் பறவை கறுத்துத் தெரியும்.

வைரி நொடிக்கு 10 மீட்டர் பறப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவின் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் பறவை சுமார் 17 செ.மீ. நகர்ந்துவிடும். படம் கலங்கிப் போகும். 1/1000 நொடி என்று வைத்தால் 1 செ.மீ. மட்டுமே நகரும். படம் தெளிவாக வரும்.

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். தமிழ்நாட்டின் முன்னோடி இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். உங்களிடம் செல்போன் இருந்தால், பைனாகுலரின் கண்ணாடியோடு அதன் லென்ஸைச் சேர்த்துப் பிடித்து எடுத்துப் பாருங்கள்.

கூட்டை நெருங்காதே

வைரி கூடு கட்டுவது பெரும்பாலும் கோடையில். அப்போது மரத்தடியில் நின்றால் தாய் பறந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காகம் முட்டையைத் தூக்கிவிடும். நமக்கும் ஆபத்துதான். புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே போனபோது அது தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். கறித்துண்டு வைத்து அழைப்பது, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது இரண்டும் வேண்டாம். கூட்டைக் கலைப்பதும் குஞ்சைப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வந்துபோனதே தெரியாமல் பறவை தன் வேலையைப் பார்க்க வேண்டும். அப்படி எடுத்த படம்தான் நல்ல படம்.

ஒரு சிறு ஆய்வு

ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாள், நேரம், மரம், வைரி என்ன தின்றது என்று நோட்டில் எழுதுங்கள். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அதில் உங்கள் கொல்லைப் பறவைகளையும் பதியலாம். கூடவே இன்னொன்றையும் குறித்து வையுங்கள்: வைரி வந்ததும் முதலில் குரல் கொடுத்தது யார்? தவிட்டுக்குருவியா, அணிலா, கரிச்சானா? ஓராண்டு எழுதினால், உங்கள் தெருவின் முதல் காவலாளி யார் என்பதை நீங்களே ஆதாரத்தோடு சொல்லிவிடலாம்.