கடல் விட்டுப் போன துறைமுகம்

உஸ்பெக் பாலைவனத்தில் ஒரு பிரயாணம்

(நமது பகுதி நேர நிருபர்)

"லீவும் போட்டு, கைப்பணத்தையும் செலவழிச்சுப் பாலைவனத்தையா பார்க்கப் போறீங்க? நம்ம சீமையில இல்லாத பொட்டலா அங்கே இருக்கு?"

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் முதுகுளத்தூர் அண்ணன் இப்படிக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். போய்த் திரும்பிய பிறகு சொல்லத் தெரிகிறது. அவருக்குச் சொன்னதையே மும்பையில் உள்ள நம் ஜனங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உஸ்பெகிஸ்தான் என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவு வருவது தாஷ்கண்ட். 1966 ஜனவரி 10-ம் தேதி பாகிஸ்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட லால் பகதூர் சாஸ்திரி, மறுநாள் அதிகாலை கண்மூடிய நகரம் அது. அவர் பெயரில் அங்கே ஒரு தெருவும், மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று 1956-ல் ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தவர் அல்லவா! ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் முதலில் அந்தச் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குக் கிளம்பினேன்.

அந்நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாமர்கண்ட், புகாரா, கீவா என்ற மூன்று ஊர்களைப் பார்த்துத் திரும்புகிறார்கள். நீல ஓடு பதித்த மசூதிகளும் மதரஸாக்களும் அழகுதான். அவற்றைப் பற்றி எழுதப் பலர் உண்டு. நான் சொல்லப் போவது அவற்றுக்கு அப்பால் உள்ள இடங்களை.

சுனையும் ஏரியும்

சாமர்கண்டிலிருந்து மேற்கே போனால், குன்றுகளின் அடிவாரத்தில் நூராத்தா என்ற சிற்றூர். அதற்கு வடக்கே கிஸில்கூம் பாலைவனம் தொடங்குகிறது. கிஸில்கூம் என்றால் செம்மணல் என்று பொருள். நம் தேரிக்காடுதான் நினைவுக்கு வரும்.

ஊர் நடுவே மசூதியை ஒட்டி ஒரு சுனை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அடியில் கருநிற மீன்கள் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை, தின்பதுமில்லை. கோயில் தெப்பக்குளத்து மீனில் நாம் கை வைப்போமா? அது போலத்தான். பக்கத்து மேட்டில் கரைந்துபோன மண் கோட்டை ஒன்று நிற்கிறது. சிக்கந்தர், அதாவது அலெக்சாண்டர், கட்டியது என்பது ஊர் வழக்கு.

அங்கிருந்து காரில் வடக்கே மணலுக்குள் போனால், திடீரென்று ஒரு பெரிய ஏரி! ஐதர்குல் என்று பெயர். 1969-க்கு முன்னால் இங்கே இப்படி ஓர் ஏரி கிடையாது. அந்த வருஷம் சிர் தரியா நதியில் பெருவெள்ளம் வந்தது. சர்தாரா அணையால் தாங்க முடியவில்லை. மதகைத் திறந்து பள்ளமான பாலைவனத்தில் விட்டார்கள். 1969, 70-ம் வருஷங்களில் அப்படிப் போன தண்ணீர் 20 கன கிலோமீட்டருக்கு மேல். நம் மேட்டூர் அணையை ஏழு தடவை நிரப்பலாம். இன்று அந்த ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். கரையோரம் கம்பளிக் கூடாரங்களில் வெளியூர்க்காரர்கள் தங்குகிறார்கள். இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய்கின்றன.

சிர் தரியாவின் தண்ணீர் இயல்பாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அரால் கடல். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு தேவைப்படும்.

மண் கோட்டைகள்

நவாயி ஸ்டேஷனில் இரவு ரயிலைப் பிடித்து நுகுஸ் நகருக்குப் போனேன். சோவியத் ஆட்சி கலைந்த பிறகு, பழைய ரயில் பாதையின் ஒரு பகுதி துர்க்மெனிஸ்தான் எல்லைக்குள் போய்விட்டது. ஆகவே பாலைவனத்தின் குறுக்கே தங்கள் மண்ணிலேயே புதுப் பாதை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பாதையின் அகலம் 1,520 மில்லிமீட்டர். நம் பிராட்கேஜ் 1,676. அகலம் குறைவே தவிர, வசதி குறைவில்லை. ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. பச்சைத் தேயிலையைப் போட்டுக்கொண்டு விடிய விடிய குடிக்கிறார்கள்.

பாஷை தெரியாதே என்று பயந்தேன். ஆனால் மும்பை இந்தி கை கொடுத்தது! டீக்கு 'சாய்', ரொட்டிக்கு 'நான்', கடைவீதிக்கு 'பஜார்', சிநேகிதனுக்கு 'தோஸ்த்' எல்லாம் அங்கேயும் கொஞ்சம் உச்சரிப்பு மாறி வழங்குகின்றன. கோட்டைக்கு 'கலா'. தாராவியில் காலா கில்லா ஸ்டாப்பில் இறங்குகிறோமே, அந்தக் 'கில்லா'வும் இதுவும் ஒரே சொல்தான்.

நுகுஸ் என்பது கரகல்பாகிஸ்தான் என்ற சுயாட்சிப் பிரதேசத்தின் தலைநகர். அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துத் தென்கிழக்கே போனால், முதலில் வருவது சில்பிக். அமு தரியா நதிக்கரையில் தனிக் குன்று. அதன் உச்சியில் கூரையில்லாத வட்டமான மண் சுவர். சுமார் 2,000 ஆண்டுப் பழமை. இறந்தவர்களின் உடலைப் பறவைகளுக்கு விட்டு, எலும்பை மட்டும் எடுத்துவைத்த இடம். மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலபார் ஹில்லில் பார்ஸிகளின் மௌன கோபுரம் இருக்கிறதே, அதே மார்க்கம், அதே முறை. இஸ்லாம் வருமுன் இந்தச் சீமையில் நெருப்பை வணங்கினார்கள்.

மேலும் போனால் 'எல்லிக் கலா' வட்டாரம். ஐம்பது கோட்டைகள் என்று அர்த்தம். தோப்ராக் கலா என்பது மண் கோட்டை. சுமார் 500 மீட்டர் நீளம், 350 மீட்டர் அகலம் உள்ள ஒரு பட்டணமே அதற்குள் இருந்திருக்கிறது. அரண்மனையில் சுவர்ச் சித்திரங்களும் களிமண் சிற்பங்களும் கிடைத்தன. அயாஸ் கலா குன்றின் மேல் இருப்பது. உச்சிக்கோட்டையைக் கட்டி 2,300 ஆண்டுக்கு மேல் ஆகிறது. எல்லாம் சுடாத செங்கல்! மழை அபூர்வமாகப் பெய்கிற பூமியானதால் இன்னும் நிற்கின்றன. டிக்கெட் கொடுக்கவும், தொடாதே என்று அதட்டவும் ஆள் இல்லை. காற்றின் சத்தம் மட்டும்தான்.

இந்தப் பொட்டலில் யார் வாழ்ந்தார்கள்? 1937 முதல் செர்கேய் தொல்ஸ்தோவ் என்ற சோவியத் ஆராய்ச்சியாளர் தம் குழுவோடு தோண்டிப் பார்த்தார். பிற்பாடு விமானத்திலிருந்து படமும் எடுத்தார்கள். மணலுக்கு அடியில் பழைய வாய்க்கால்களின் தடம் தெரிந்தது. அமு தரியாவிலிருந்து வாய்க்கால் வெட்டி, வயலும் தோட்டமும் செய்து பிழைத்திருக்கிறார்கள். வாய்க்கால் பராமரிப்பு நின்றது, படையெடுப்பு வந்தது, நதியும் தடம் மாறியது. ஊர்கள் காலியாயின. கோட்டை மட்டும் மிச்சம்.

நுகுஸ் பொக்கிஷம்

நுகுஸ் நகருக்கு அருகே மிஸ்தாகான் என்ற பழைய இடுகாட்டு மலை உண்டு. அங்கே இடிந்த சமாதி ஒன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு செங்கல் விழுகிறதாம். கடைசிச் செங்கல் விழும் நாளில் உலகம் முடிந்துவிடும் என்று நம்பிக்கை. ஆகவே வருகிறவர்கள் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டுப் போகிறார்கள். நானும் அடுக்கினேன். உலகத்துக்கு நம்மால் ஆன உபகாரம்!

நகருக்குள் ஒரு மியூசியம் இருக்கிறது. இகோர் சவித்ஸ்கி என்ற ஓவியர் 1950-ல் தொல்ஸ்தோவ் குழுவோடு படம் வரைய வந்தவர். ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். கிராமத்து நகைகள், நெசவுகளைச் சேர்த்தார். அத்தோடு, மாஸ்கோ அரசு ஒதுக்கிவைத்த ஓவியர்களின் படங்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டுவந்து இங்கே காப்பாற்றினார். இவ்வளவு தூரத்தில் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்! 1966-ல் மியூசியம் திறந்தது. 1984-ல் அவர் காலமானார். பாதி நாளாவது ஒதுக்க வேண்டிய இடம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதம்தான் உகந்தது. கோடையில் 40 டிகிரிக்கு மேல் காய்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். மாமிசம் சாப்பிடாதவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். ரொட்டி, தயிர், தக்காளி, பழம் எங்கும் கிடைக்கும். கோட்டைகளுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. நாலு பேர் சேர்ந்து கார் பிடித்தால் கட்டுப்படியாகும்.

மொய்னாக்

கடைசியாகப் போனது மொய்னாக். நுகுஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். ஊர் எல்லையில் வரவேற்புப் பலகையில் மீன் படம். ஊர்க்கோடியில் ஒரு மேடு. மேட்டில் நின்று பார்த்தால், கீழே மணலில் துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. அடியில் முட்புதர். நிழலில் மாடு படுத்திருக்கிறது. தண்ணீர்? கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. கடல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது.

1960-ல் அரால் கடலின் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம் பெரியது. அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு நதிகள்தான் அதற்கு உயிர். பருத்தி சாகுபடிக்காக இரண்டையும் வாய்க்கால்களில் திருப்பினார்கள். வாய்க்கால்களிலும் பாதித் தண்ணீர் மணலோடு போயிற்று. 2007 வாக்கில் கடல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. காய்ந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்துத் தூளும் காற்றில் கிளம்பி, ஜனங்களுக்கு நோய்களைக் கொண்டுவந்தன.

நான் கூட்ஸ் ஆபீஸ் கிளார்க். போன சரக்குக்கு ஒரு ரிஜிஸ்தர், வந்த சரக்குக்கு ஒரு ரிஜிஸ்தர் எழுதுவது என் பிழைப்பு. ஆகவே என் மனதை உலுக்கியது கப்பல்கள் அல்ல, வேறொரு செய்தி.

1921-ல் ருஷ்யாவில் கொடும் பஞ்சம். லெனின் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இந்தக் கடலின் எதிர்க்கரையில், இன்றைய கஜகஸ்தானில் உள்ள அரால்ஸ்க் மீனவர்கள் 14 வேகன் மீன் அனுப்பினார்கள். அந்த ஸ்டேஷன் சுவரில் அதைப் படமாகப் பதித்திருக்கிறார்கள். மொய்னாக்கிலோ பெரிய மீன் டப்பா தொழிற்சாலை இருந்தது. தேசமெங்கும் இவ்வூர் டப்பா போயிற்று. கடல் பின்வாங்கி மீன் செத்தது. தொழிலாளிகளுக்கு வேலை போய்விடக் கூடாதே என்று, 1980-களில் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வேறு கடல்களில் பிடித்த மீனை உறையவைத்து, ரயிலில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள்! கடற்கரை ஊருக்கு ரயிலில் மீன்! 'போன சரக்கு' ரிஜிஸ்தரில் இருந்தது 'வந்த சரக்கு' ரிஜிஸ்தருக்கு மாறிவிட்டது. அதுவும் நீடிக்கவில்லை. 1990-களில் தொழிற்சாலை மூடப்பட்டது. இளவட்டங்கள் வேலை தேடிப் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள்.

பருத்தி மேல் அத்தனை ஆசை எப்படி வந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. அந்தச் சமயத்தில்தான் பம்பாய் பஞ்சு வியாபாரிகள் பணத்தில் புரண்டார்கள். ருஷ்ய மில்காரர்களும் அதே தட்டுப்பாட்டில் மத்திய ஆசியாவின் பக்கம் திரும்பினார்கள். 1888-ல் சாமர்கண்டுக்கு ரயில் வந்தது. பஞ்சு மூட்டை ஏறிற்று. சோவியத் ஆட்சி அதையே பல மடங்காக்கியது. சமீப காலம் வரை வாத்தியார்கள், டாக்டர்கள், நம்மைப் போன்ற ஆபீஸ் சிப்பந்திகளைக்கூடக் கட்டாயமாகப் பருத்தி பறிக்க அனுப்பினார்கள். அந்த முறை ஒழிந்துவிட்டதாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022-ல் அறிவித்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கஜகஸ்தான் தன் பக்கத்தில் 2005-ல் ஓர் அணை கட்டி, கடலின் வடபகுதியைக் காப்பாற்றிவிட்டது. மீன் திரும்பியிருக்கிறது. உஸ்பெக் பக்கம் கடல் திரும்பவில்லை. அங்கே காய்ந்த தரையில் சாக்ஸால் என்ற பாலைவனச் செடியை லட்சக்கணக்கில் நடுகிறார்கள். மண் பறக்காமல் இருந்தால் போதும் என்கிற நிலை.

முதுகுளத்தூர் அண்ணனிடம் இவ்வளவையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கண்மாய் தூர்ந்த வருஷம்தான் என் தகப்பனார் மும்பைக்கு ரயிலேறினார். அண்ணன் வீட்டிலும் அதே கதை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஊர் வரத்துக் கால்வாயை இப்ப யார் பார்த்துக்கிறாங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போய் விசாரிப்பதாக இருக்கிறோம்.