கேட்டுவிட்டுச் சோதியுங்கள்

1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பான் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் ஏவினார். அன்றைய யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய 'ஃபிங்கர்' என்ற சேவை, வெளியிலிருந்து வரும் செய்திக்கு 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வருவது எவ்வளவு நீளம் என்று அது பார்க்கவில்லை. மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. மிஞ்சியவை பக்கத்து நினைவகத்தில் ஏறி, அடுத்து எந்தக் கட்டளைக்குப் போவது என்ற குறிப்பையே மாற்றின. அதோடு கணினி அந்நியர் கைக்குப் போனது.

சைபர் பாதுகாப்பை ஆழமாகப் படிக்கிற எவரும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் இதன் மறுபாதியான, மோரிஸ் மீதான வழக்கைப் பல வகுப்புகள் சொல்வதில்லை. சேதம் செய்யும் எண்ணம் தனக்கு இல்லை என்றார் மோரிஸ். அனுமதியின்றி நுழையும் எண்ணம் இருந்ததே போதும் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறை இல்லை, ஆனால் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

இந்தியாவிலும் அனுமதிதான் முதல் கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவுப்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியில் நுழைந்தாலோ தகவலை நகலெடுத்தாலோ இழப்பீடு கேட்கலாம். அதை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால் 66ஆம் பிரிவு பாயும்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என அறிவித்த கணினி என்றால் நுழைய முயன்றாலே 10 ஆண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தோடு பாதுகாப்பு ஓட்டை தேடுபவருக்கென்று இந்தச் சட்டத்தில் தனி விலக்கு கிடையாது. இது பெரிய குறை. திருத்தப்பட்டே ஆக வேண்டும். அதுவரை மாணவர்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, 'ஏதாவது ஒரு தளத்தில் முயன்று பார்' என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் செய்யாதீர்கள். தாக்கிப் பழகவே உருவாக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள், ஜூஸ் ஷாப் போன்றவை இலவசம். வெளி இணைப்பைத் துண்டித்த மெய்நிகர் கணினியில் அவற்றை நிறுவிக்கொள்ளலாம். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு தரும் நிறுவனங்களின் 'பக் பவுண்டி' திட்டத்தில் சேர்ந்தாலும், அவர்கள் குறிப்பிட்ட முகவரிகளைத் தாண்டினால் அனுமதி அங்கேயே முடிந்தது.

தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டதா? அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'நிரூபிக்க' என்று அடுத்தவர் தகவலைப் பதிவிறக்காதீர்கள். பார்த்ததையும் நேரத்தையும் குறித்து, அந்த நிறுவனத்துக்கோ மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கோ எழுதுங்கள். பணம் கேட்டு எழுதினால் மிரட்டிப் பணம் பறித்ததாகப் புகார் வரலாம்.

விசாரணை வந்தால் பதறாதீர்கள். 66ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே அதை விசாரிக்க முடியும். மடிக்கணினியைக் கைப்பற்றுவதை ஒலி-ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

பயிற்சியிலேயே ஏமாந்தாலும் வழி உண்டு: 'நூறு சதவீத வேலை' என்று விளம்பரம் செய்து ஏமாற்றிய பயிற்சி மையத்தின் மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. கட்டண ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உறுதிமொழி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.