உடைய மறுத்த உலோகம்: ஒரு றொக்கற் தோல்வியின் காரணம் பற்றி

2009 பெப்ரவரி 24ஆந் திகதி கலிபோர்னியாவின் வண்டன்பேர்க் தளத்திலிருந்து ‘ரோறஸ் எக்ஸ்.எல்.’ என்னும் சிறுவகை றொக்கற் ஒன்று ஏவப்பட்டது. வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டை அளவிடுவதற்கென நாசா அமைத்த செய்மதி அதன் முனையில் இருந்தது. செய்மதியை மூடியிருந்த கவசம் உரிய வேளையில் கழன்று விழவில்லை. அந்த மேலதிகப் பாரத்தால் சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகத்தை எட்டமுடியாமற்போன செய்மதி, அந்தாட்டிக்காவை அண்டிய கடலில் வீழ்ந்தது.

கவசம் கழலும் முறையைச் சற்று விளக்குதல் அவசியம். அதன் இரு பாதிகளையும் பிணைத்து நிற்பவை அலுமினியப் பட்டிகள். அவற்றினுள்ளே வெடிமருந்து இழையொன்று குழாயினூடாகச் செல்கிறது. இழை வெடித்ததும் குழாய் விரிந்து, அலுமினியத்தைப் பிளக்கும். ஆகவே அவ்வுலோகம் முரணான இரு கடமைகளைச் செய்யவேண்டியுள்ளது: மேலெழும்வரை உறுதியாக நிற்கவேண்டும், குறித்த கணத்தில் முற்றாக உடையவும் வேண்டும். அதன் இழுவலிமை நிர்ணயித்த எல்லைக்குள் இருந்தாலன்றி இது கைகூடாது.

முதல் விசாரணைக் குழுவினரிடம் உடைந்த பாகங்கள் இருக்கவில்லை; பறப்பின்போது கிடைத்த தரவுகளே இருந்தன. அவர்கள் நான்கு சாத்தியங்களைக் குறிப்பிட்டனர். பிணைப்பு முற்றாக உடையாமை அவற்றுள் ஒன்று. ஆயின் எது உண்மைக் காரணமென நிறுவ முடியவில்லை. திருத்தங்கள் செய்யப்பட்டன. 2011 மார்ச் 4ஆந் திகதி ‘குளோரி’ செய்மதியும் அதேவகை றொக்கற்றில், அதே கவசத் தோல்வியினால், பசுபிக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. இரண்டினாலும் ஏற்பட்ட நட்டம் 700 மில்லியன் டொலருக்கு மேல்.

நாசா தன் முடிவை 2019இலேயே வெளியிட்டது. பட்டிகளுக்கான அலுமினியத்தை வழங்கிய ஓரிகன் மாநிலத்துச் சாப்பா புரொஃபைல்ஸ் கம்பனி, 19 ஆண்டுகளாக, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளருக்குப் பொய்ச் சான்றிதழ்களை வழங்கிவந்திருந்தது. தேறாத அளவைகள் தேறியவையாக மாற்றி எழுதப்பட்டன. சோதனை இயந்திரங்கள் விதிக்கு மாறான வேகத்தில் இயக்கப்பட்டன. ஊழியர்க்கான ஊக்கப்பணமோ உற்பத்தி அளவோடு பிணைக்கப்பட்டிருந்தது.

பொறியியல் விசாரணை எட்டாதிருந்த இடம் இதுவே. உலோகத்தின் பயன்பெறுமதி அது சரியான கணத்தில் உடைவதில் இருந்தது. கம்பனிக்கோ அதன் மாற்றுப்பெறுமதி சான்றிதழ் கையளிக்கப்பட்டவுடனேயே கைகூடிவிட்டது. சான்றிதழ் சோதனையின் பதிவாக அன்றி விற்பனைக்கான நிபந்தனையாக மாறியபின், அதனை நம்பிய பொறியியலாளரை மாத்திரம் குறைகூறுதல் நியாயமன்று. அதேவேளை, தனியுடைமை ஒன்றே பொய்யின் ஊற்று எனச் சொல்லித் தப்பிக்கொள்ளவும் எமக்கு உரிமையில்லை. 1960இல் பைக்கனூரில் ஏவுகணை வெடித்துப் பலர் மாண்டதைச் சோவியத் அரசு 1989வரை மறைத்தே வைத்திருந்தது. உற்பத்தி செய்வோர் தம் தவறுகளை அச்சமின்றி வெளியிடக்கூடிய உறவுகள் எவை என்பதே ஆராயப்படவேண்டிய வினா.

சோதனைக்கூட மேற்பார்வையாளர் ஒருவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கம்பனி 46 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது; அதுவும் நாசாவுக்கு மாத்திரமன்றிப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் ஏனையோருக்குமாக. காபனீரொட்சைட்டை அளக்கும் மாற்றுச் செய்மதி 2014 யூலை 2ஆந் திகதி வேறொரு வகை றொக்கற்றிலேயே அனுப்பப்பட்டது.