பட்டும் கோட்டும் பருவகாலங்களும்

கல்யாண வரவேற்பு, நீதிமன்றம், பட்டமளிப்பு விழா, காரியாலயத்தின் முக்கியமான கூட்டம் ஆகிய இடங்களுக்கு நாம் உடுத்திச் செல்லும் உடைக்கும், வீட்டில் உடுத்தும் உடைக்கும் கனத்திலும் இறுக்கத்திலும் மிகுந்த வித்தியாசம் உண்டு. சித்திரையானாலும் மார்கழியானாலும் அந்த விசேஷ உடை மாறுவதில்லை. மாறுவதெல்லாம் அதற்குள்ளே இருக்கும் சரீரத்தின் அவஸ்தைதான். ஆண்களின் உடை சௌகரியமா, பெண்களின் உடை சௌகரியமா என்ற விவாதம் குடும்பங்களில் சிரிப்பும் சீண்டலுமாக நடப்பதுண்டு. அதே கேள்வியை ஆரோக்கிய நோக்கோடு எடுத்துக்கொண்டால், விடை பருவத்துக்குப் பருவம் மாறுவதையும், இரு சாராருக்கும் துன்பம் விளைவது பெரும்பாலும் உடை சரீரத்தை இறுக்கிப் பிடிக்கும் கழுத்து, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில்தான் என்பதையும் காணலாம்.

உஷ்ணம் வெளியேறும் வழி

உண்ட உணவு ஜீரணமாவதாலும் தசைகள் இயங்குவதாலும் சரீரத்துக்குள் ஓயாமல் உற்பத்தியாகும் உஷ்ணம் பெரும்பாலும் தோலின் வழியாகவே வெளியேறுகிறது. தோலின் உஷ்ணநிலை ஏறக்குறைய 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும் வரையில் உஷ்ணம் தானாகவே காற்றில் போய்ச் சேரும். கத்திரி வெயில் காலத்தில் காற்றே தோலைவிடச் சூடாகிவிடுவதால், வியர்வை ஆவியாவது ஒன்றே சரீரத்துக்கு எஞ்சும் மார்க்கம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாகாமல் முதுகில் வழிந்தோடும் வியர்வையோ நீரையும் உப்பையும் வீணாக்குவதோடு சரி. வேலூரின் வறண்ட வெயிலைச் சகித்துக்கொள்பவர்கூடச் சென்னையின் புழுக்கத்தில் துவண்டு போவதற்கு, கடற்காற்றின் ஈரம் வியர்வையை ஆவியாக விடாமல் தடுப்பதே காரணம்.

ஆகவே நூல் ஈரத்தை எவ்வளவு உறிஞ்சும் என்பதும், உடைக்கும் தோலுக்கும் நடுவே காற்று நடமாட வழி உண்டா என்பதும் கோடை உடையின் குணத்தை நிர்ணயிக்கின்றன. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவிகிதமும், பட்டு சுமார் 11 சதவிகிதமும், கம்பளி சுமார் 16 சதவிகிதமும் ஈரத்தை ஏற்று வைத்திருக்க, பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூட ஏற்பதில்லை. காற்றின் விஷயம் தையல்காரர் கையில் இருக்கிறது. உடல் சூட்டில் லேசாகும் காற்று மேலெழும்பிக் கழுத்துப்பட்டியின் வழியே வெளியேற, கீழிருந்து புதிய காற்று உள்ளே வரும். நடக்கும்போது வேஷ்டியும் புடவையும் அசைந்து அசைந்து இந்தப் போக்குவரத்தை விரைவுபடுத்தும். கழுத்தையும் அக்குளையும் இடுப்பையும் இறுக்கி மூடிவிட்டாலோ, உயர்ந்த பருத்தியாலான உடைகூடச் சன்னல் சாத்திய அறைபோல் ஆகிவிடுகிறது.

கழுத்தை மூடும் மரியாதை

கோட்டும் டையும் பிறந்த குளிர்தேசத்தில் அவை நியாயமான உடைகளே. உடை தரும் வெப்பக் காப்பை அளப்பதற்காக 1941-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ‘க்ளோ’ என்றோர் அலகை வகுத்தார்கள். 21 டிகிரி செல்சியஸ் உஷ்ணமுள்ள அறையில் சும்மா அமர்ந்திருப்பவருக்குக் குளிரும் புழுக்கமும் தோன்றாமல் காக்கும் உடை ஒரு க்ளோ; ஆண்களின் முழுக் கோட்டு உடை ஏறக்குறைய அந்த அளவினது. சென்னைவாசிகள் அந்த 21 டிகிரியை அனுபவிப்பது மார்கழி விடியற்காலைகளில்தான். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் பதிவானதோ 45 டிகிரி.

வைகாசி மாதத்து வரவேற்பு மேடையில் நிற்கும் மாப்பிள்ளையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். உள்பனியன், முழுக்கைச் சட்டை, வெயிஸ்ட்கோட்டு, பாலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைத்த கோட்டு ஆகிய நான்கு அடுக்குகளுக்கு மேல் டையும் இறுகியிருக்க, எதிரே வீடியோ விளக்குகள் எரிய, காதோரத்தில் வழியும் வியர்வையை ஒன்றுவிட்ட தம்பி கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருப்பான். மணிக்கணக்கில் நின்று புன்னகை செய்யும் அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தால், பசி மயக்கம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். உஷ்ணத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, அசையாமல் நிற்பதால் கால்களில் இரத்தம் தங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் குறைந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம். நியூயார்க்கில் நடந்து 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், டையை இறுக்கிய மூன்றே நிமிஷங்களில் ஆடவர் பலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்தது; ஜெர்மனியின் கீல் நகரத்தில் 2018-ல் நடந்த பரிசோதனையில் டை அணிந்தவர்களின் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சராசரியாக 7.5 சதவிகிதம் குறைந்தது. திடகாத்திரமான வாலிபர்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மட்டும் கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி டையைத் தளர்த்திக் கட்டுவது நல்லது.

பெல்ட்டின் தொல்லை விருந்துக்குப் பிறகு தெரியவரும். வயிற்றை இறுக்கினால் உள்ளழுத்தம் உயர்ந்து, இரைப்பையின் அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கிறது. இடுப்பெலும்பின் ஓரமாகத் தொடைக்கு இறங்கும் நரம்பு அழுந்தினால் வெளித்தொடையில் எரிச்சலும் மரமரப்பும் உண்டாகின்றன. இறுகிய கால்சட்டைக்குள் தங்கும் ஈரத்தில் தொடை இடுக்குப் படர்தாமரை செழித்து வளர்கிறது.

நம் நாட்டுக் கோடைக்கு, தளர்ந்த பருத்திச் சட்டைக்கும் வேஷ்டிக்கும் இணையான ஆண் உடையை நான் அறியேன். 2014-ல் சென்னையில் வேஷ்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டபோது எழுந்த மனக்கொதிப்பின் பயனாக, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. அது தமிழர் மானத்தைக் காத்த சட்டம் என்று பலரும் போற்றினார்கள். அது ஆரோக்கியத்தையும் காத்தது என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். இந்திய பார் கவுன்சிலின் விதிகளும், உச்ச நீதிமன்றமும் உயர்நீதிமன்றங்களும் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கு இருந்தும், மூத்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டுக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் இளம் வழக்கறிஞர்களைக் கண்டால் மனம் வருந்துகிறது.

ஆறு கஜமும் ஒரு நாடாவும்

புடவைக்கு உள்ள பெருமை, பருவத்துக்கு ஏற்ப அதுவே தன்னை மாற்றிக்கொள்வது. ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரே துணி, குளிர்ந்தால் தோள்களைச் சுற்றிப் போர்வையாகிறது. வெயிலில் முந்தானை பின்னே சரிந்து கையையும் கழுத்தையும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. கொசுவம் நடைக்கு நடை காற்றை உள்ளே விடுகிறது. மேலே கிடக்கும் இந்தத் துணியைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. அதைத் தாங்குவதற்காக உள்ளே கட்டிய பாவாடையும், பிடித்தாற்போல் தைத்த ரவிக்கையும்தான் பெண்களின் அவஸ்தைக்குக் காரணம்.

ஜரிகை நிறைந்த காஞ்சிபுரம் பட்டின் கனத்தை மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர் உணர மாட்டார். ஆவணி மாதத்து முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு முன்னே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கோ, பட்டு ரவிக்கை, அதற்குள் செயற்கை நூல் லைனிங், அக்குளை இறுக்கிய கை, தோளிலும் இடுப்பிலும் குத்திய ஊக்குகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நாழிகையும் தவம்தான். லைனிங்குக்கு மெல்லிய பருத்தித் துணியைக் கொடுத்து, கையை ஒரு விரற்கடை தளர்த்தித் தைக்கச் சொன்னால் பாதித் துன்பம் தீரும். ஊக்கிலும் கொக்கியிலும் உள்ள நிக்கல் என்னும் உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வியர்வையோடு அது பட்ட இடம் சிவந்து அரித்துக் கரப்பானாகத் தடிக்கும்.

இன்னொரு விஷயம் உண்டு. கூச்சத்தால் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. கனத்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் ஈரமான கழிப்பறைக்குப் போய்வருவதற்குப் பயந்து, முகூர்த்த நாளில் விடியற்காலை முதல் மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். வியர்வையில் நீர் போய்க்கொண்டே இருக்க, உள்ளே வருவதும் நின்றுவிட்டால் தலைவலியும் மயக்கமும் வருவதோடு, சிறுநீரை அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பும் தொற்றும் பின்தொடர்கின்றன. மணப்பெண்ணின் அலங்காரத்துக்கு இத்தனை பேர் கவலைப்படும் கூட்டத்தில், அவளுக்கு மணிக்கு ஒரு முறை நீர்மோர் கொடுத்து, துணைக்கு ஒருவர் புடவையைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் அத்தை ஒருத்தி இருந்தால், அவளே அந்தக் கல்யாணத்தின் உண்மையான வைத்தியர்.

யாவற்றிலும் நான் மிகுந்த கவலையோடு எழுதுவது பாவாடை நாடாவைப் பற்றி. புடவை நழுவாமல் இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில், அதே மெல்லிய கயிற்றால், இருபது முப்பது வருஷங்கள் இறுக்கிக் கட்டுவதனால், முதலில் இடுப்பைச் சுற்றிக் கறுத்த தழும்பு விழுகிறது. பிறகு அவ்விடம் தடித்து, செதில் உதிர்ந்து, சில வேளைகளில் வெளுத்தும் போகிறது. கோடை வியர்வையும் உராய்வும் சேரும்போது புண்ணாகிறது. அத்தகைய நாள்பட்ட புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதுண்டு. பம்பாயின் புகழ்பெற்ற நோய்க்குறியியல் நிபுணரான கானோல்கர், வேஷ்டி இறுகக் கட்டும் இடத்தில் தோன்றும் தோல் புற்றை 1945-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். ஆகவே இந்த அபாயம் ஆண்களுக்கும் இல்லாமல் இல்லை. 2024-ல் வார்தா, மதுபனி ஆகிய இடங்களைச் சேர்ந்த வைத்தியர்கள், எழுபது வயதை ஒட்டிய இரண்டு கிராமத்துப் பெண்களின் இடுப்பில் ஆறாமல் இருந்த புண்கள் புற்றாகியிருந்ததை எழுதினார்கள். ஒருவருக்கு ஒன்றரை வருஷமாகவும், மற்றவருக்கு இரண்டு வருஷமாகவும் அந்தப் புண் இருந்ததாம். இத்தனை காலம் அவர்கள் வைத்தியரிடம் காட்டாமல் பொறுத்திருந்ததுதான் என்னை மிகவும் வாட்டுகிறது. கயிற்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள பட்டி வைத்த பாவாடையை உடுத்துவதும், முடிச்சு விழும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும், வீட்டில் இருக்கும்போதும் உறங்கும்போதும் இடுப்பைத் தளர விடுவதும் எவருக்கும் எளியவை.

மழையிலும் பனியிலும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆண்கள் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டோ தெருநீரைக் கடந்துவிடுகிறார்கள்; புடவைக் கரையும் பாவாடை விளிம்பும் நனைந்த பெண்கள் அந்த ஈரத்தோடு மாலை வரை வேலை செய்கிறார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டாவதற்கு இவ்வளவு போதும். ஆனால் ஷூவுக்குள் நனைந்த காலுறையோடு இருக்கும் ஆடவர் கால், செருப்பணிந்த பெண்ணின் காலைவிட மெதுவாகவே உலரும் என்பதால் இந்த ஒரு வகையில் பெண்களுக்கே லாபம். நீரிழிவு உள்ளவர்கள் இருபாலரும் மாற்றுக் காலுறையோ உலர்ந்த துண்டோ கையில் வைத்திருக்க வேண்டும்.

உதகமண்டலத்துத் தை மாதக் குளிரில் கோட்டு தன் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி பொருந்துகிறது. இடுப்பும் பாதமும் திறந்திருக்கும் புடவையோ அங்கே போதாது. கம்பளிச் சட்டையும் காலுறையும் சேர்ந்தால்தான் காக்கும்.

குளிரூட்டிய அறையில் யாருடைய பருவம்?

நகரத்துக் காரியாலயங்களில் புதிய பருவம் ஒன்று பிறந்திருக்கிறது. வெளியே 40 டிகிரி. உள்ளே கோட்டணிந்த அதிகாரியின் சௌகரியத்துக்காக 20 டிகிரி. பருத்திப் புடவையோடு அமர்ந்திருக்கும் பெண் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு நடுங்குவதைப் பலர் மனப்பிரமை என்று ஒதுக்குகிறார்கள். கட்டடங்களின் உஷ்ணநிலையைக் கணக்கிட 1960-களில் வகுத்த முறை, 40 வயதுள்ள, 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவனின் சரீரத்தை அளவாகக் கொண்டிருக்கிறது என்றும், அதனால் பெண்களின் உடலில் உற்பத்தியாகும் உஷ்ணத்தை 35 சதவிகிதம் வரை மிகைப்படுத்திவிடுகிறது என்றும் நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2015-ல் எடுத்துக்காட்டினார்கள். அவள் நடுக்கம் மெய்யானது.

இதற்குப் பரிகாரம் அதிகாரியின் கோட்டைக் கழற்றுவதில் தொடங்க வேண்டும். ஜப்பானிய அரசாங்கம் 2005-ல் அதைத்தான் செய்தது: கோடையில் காரியாலயங்களின் உஷ்ணநிலையை 28 டிகிரியில் வைத்து, கோட்டும் டையும் இல்லாமல் வரும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது; பிரதம மந்திரி கொய்சுமியே டையில்லாமல் காட்சி தந்தார். நம் நாட்டிலும் 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. அந்த 24-ஐக் குறைக்காமல் விட்டால், தளர்ந்த சட்டை அணிந்த ஆணும் புடவை கட்டிய பெண்ணும் ஒரே அறையில் சௌக்கியமாக வேலை செய்யலாம்.

வைத்தியரைக் காண வேண்டிய வேளை

விசேஷ உடையில் இருப்பவருக்குத் தலை சுற்றினால், முதலில் நிழலிலோ விசிறிக்குக் கீழேயோ படுக்கவைத்து, டை, கொக்கி, பெல்ட், நாடா ஆகியவற்றைத் தளர்த்தி, கால்களைச் சற்று உயர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் நீர்மோரோ உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்து நினைவு தப்பினாலோ, அது உஷ்ணத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாமல், ஈரத்துணியும் காற்றும் கொண்டு உடலைக் குளிர்வித்தபடியே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

படர்தாமரைக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்க, பூஞ்சை மறைவாகப் பரவி, பிறகு எளிதில் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகிவிடும். இடுப்புத் தழும்பு வெளுத்தாலும், தடித்தாலும், அதில் தோன்றிய புண் மூன்று வாரங்களில் ஆறாவிட்டாலும் தோல் வைத்தியரிடம் காட்டி, அவர் விரும்பினால் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க இசைய வேண்டும். வீட்டில் வயதான தாயாரோ பாட்டியாரோ இருந்தால், அவர்கள் தாமாகச் சொல்வார்கள் என்று காத்திராமல், குளித்துவிட்டு வரும் வேளையில் வெளிச்சத்தில் நிறுத்தி, இடுப்பைச் சுற்றிலும் மகளோ மருமகளோ ஒரு முறை பார்த்துவிடுவது அவசியம்.